ஸ்பீன்ஹாம்லேண்ட் படி கூலிக்காரனைக் கெடுத்ததா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "1795இல் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகளுக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஸ்பீன்ஹாம்லேண்ட் படி என்ற உதவித்தொகை கொடுத்தார்கள். அதனால் கூலி இறங்கியது, ஆட்கள் சோம்பேறியானார்கள், பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளினார்கள், கடைசியில் 1834இல் அந்த ஏற்பாட்டையே மூட வேண்டியதாயிற்று என்று நண்பர் சொல்கிறார். இதற்கு ஆதாரம் உண்டா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சட்டத்தைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது எது முந்தியது என்பதை. படி கொடுத்ததால் வறுமை வந்ததா, வறுமை வந்ததால் படி கொடுத்தார்களா?

கல்லூரியில் பல ஆண்டுகள் பொருளாதார வரலாறு நடத்தியவன் நான். இந்தப் பாடம் வரும் வகுப்பில் எல்லாம் இதே சண்டை நடக்கும். ஊர்க் கணக்குப் புத்தகங்களை அச்சான தொகுப்புகள் வழியாகத்தான் படித்திருக்கிறேன்; ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தூசி தட்டிய ஆள் இல்லை. நான் சொல்வது பெரும்பாலும் தெற்கு, கிழக்கு இங்கிலாந்தின் தானியம் விளையும் மாவட்டங்களுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே உடம்பில் தெம்புள்ள ஆளுக்கு உதவி கேட்கும் உரிமை கிடையாது. அயர்லாந்தில் 1838 வரை இப்படி ஒரு சட்டமே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சுருக்கமான பதிலைத் தருகிறேன்: உங்கள் நண்பர் சொல்வது 1834இல் வந்த ஓர் அரசு அறிக்கையின் வாதம். அதன் பெரும்பகுதி பிற்கால ஆய்வில் நிற்கவில்லை. ஆனால் முழுக்கப் பொய் என்றும் தள்ள முடியாது.

முதலில் ஏற்பாடு என்ன என்று பார்ப்போம். 1598இலும் 1601இலும் எலிசபெத் ராணி காலத்தில் வந்த சட்டங்கள் ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பை ஒவ்வொரு பாரிஷின் தலையிலும் வைத்தன. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்வதுதான். இப்படிப்பட்ட ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 15,000. ஒவ்வொரு ஊரிலும் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி, வசதியான குடித்தனக்காரர்களில் இரண்டிலிருந்து நான்கு பேரை ஏழைகளுக்கான ஓவர்சியர்களாக மாஜிஸ்திரேட்டுகள் நியமிப்பார்கள். சம்பளம் இல்லை. நிலத்தையும் வீட்டையும் அனுபவிப்பவர்களிடம் வரி வசூலித்து, முதியவர், கண் தெரியாதவர், கால் முடியாதவருக்கு உதவ வேண்டும். ஏழைப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்ப வேண்டும். வேலை இல்லாதவர்களுக்குச் சணல், கம்பளி, நூல் மாதிரியான பொருளை வாங்கிக் கொடுத்து வேலை தர வேண்டும். வரி கட்டாயம், விருப்பப்பட்டுப் போடும் பிச்சை இல்லை. ஐரோப்பாவில் நாடு முழுவதற்கும் பொதுவாக இப்படி ஒரு கட்டாய வரியை நெடுங்காலம் நடத்திக் காட்டியது இங்கிலாந்துதான்.

ஓவர்சியர் கணக்குகளைப் படிக்கும்போது தோன்றுவது ஒன்று உண்டு: இவை எல்லாமே மிகச் சின்ன விஷயங்கள். ஒரு விதவைக்கு வாரம் இவ்வளவு பென்ஸ், ஒரு பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு, ஒருவருக்குச் சட்டைத் துணி, பாக்கி நின்ற வீட்டு வாடகை, விறகுக் கட்டு, மருத்துவச்சிக்குக் கூலி, சவப்பெட்டி, சவ அடக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பீர். வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். அதுதான் இந்த முறையின் பலம், அதுவே அதன் விஷமும்கூட. ஓவர்சியருக்குப் பிடிக்காதவன் பாடு திண்டாட்டம். 1697 சட்டப்படி, உதவி வாங்குபவர்கள் வலது தோளில் ஊரின் முதல் எழுத்தோடு "பி" என்ற எழுத்தையும் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும்; பாப்பர், அதாவது ஊர் உதவியில் வாழ்பவர், என்பதன் அடையாளம். பல ஊர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டன என்றாலும் சட்டம் 1810 வரை இருந்தது.

இன்னொரு கொடுமை ஊர்ப்பாத்தியதை. எந்த ஊர் உங்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதை 1662 சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் தீர்மானித்தன. பிறப்பு, திருமணம், தொழில் பழகிய இடம், ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை கொடுக்கும் வசதி, அல்லது மணமாகாதவர் ஓர் ஆண்டு முழுதாக ஒரே எஜமானிடம் பண்ணையாளாக இருந்தது: இவற்றில் ஒன்று வேண்டும். இல்லாதவரை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்திட்டுச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடலாம். நிறைமாதக் கர்ப்பிணிகளை அவசர அவசரமாக எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டது இந்தச் சட்டத்தின் மிக அசிங்கமான பக்கம். குழந்தை இங்கே பிறந்தால் செலவு இந்த ஊருடையது ஆகிவிடுமே! பண்ணையாளுக்குப் பாத்தியதை வந்துவிடக் கூடாது என்று 52 வாரத்துக்கு ஒரு வாரம் குறைத்து, 51 வாரத்துக்கு ஆள் பிடித்த எஜமான்களும் உண்டு. உண்மையில் உதவி கேட்டு வந்தால் தவிர யாரையும் அனுப்பக் கூடாது என்ற திருத்தம் 1795இல்தான் வந்தது.

அந்த 1795க்கு வருவோம். நண்பரின் கதை அங்கே தொடங்குகிறது. ஆனால் அதற்கு முந்திய முப்பது நாற்பது ஆண்டுகளைப் பார்க்காமல் அங்கே நுழைந்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தெற்கு இங்கிலாந்தின் ஒரு கூலிக் குடும்பம் கூலியை மட்டும் நம்பி வாழ்ந்ததில்லை. பொதுநிலத்தில் ஒரு பசுவோ சில வாத்துகளோ மேயும். புதரில் விறகு பொறுக்கலாம். அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்குவார்கள். மனைவி வீட்டில் கம்பளி நூற்பாள். மணமாகாத இளைஞர்கள் பண்ணை வீட்டிலேயே தங்கி, எஜமானோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த முட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாகப் பொதுநிலங்களுக்கு வேலி போட்டார்கள். நூற்பு இயந்திரம் வந்ததும் கை ராட்டினத்துக்கு வேலை போயிற்று. தானிய விலை ஏற ஏற, ஆளை வீட்டில் வைத்துச் சோறு போடுவதைவிட நாள் கூலிக்குக் கூப்பிடுவது எஜமானுக்கு லாபமாகப் பட்டது. ஆக, 1790களில் அந்தக் குடும்பத்தின் கையில் மிஞ்சியது கூலி மட்டும்தான். அந்தக் கூலி கொழுத்திருந்த காலத்தில் அல்ல, ரொட்டி விலை ஏறிய காலத்தில் இது நடந்தது. பெர்க்‌ஷயரின் பார்க்கம் ஊர்ப் பாதிரியார் டேவிட் டேவிஸ் தன் ஊர்க் கூலிகளின் வரவுசெலவை வீடு வீடாகக் கேட்டு எழுதி 1795இல் வெளியிட்டார். வரவைவிடச் செலவு கூடுதல் என்பதுதான் அதில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. படித்தவர்களைத் திடுக்கிட வைத்த கணக்கு அது. நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

1795 மே 6ஆம் தேதி பெர்க்‌ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் நியூபரிக்குப் பக்கத்தில் ஸ்பீன்ஹாம்லேண்டில் பெலிகன் என்ற விடுதியில் கூடினார்கள். முந்திய ஆண்டு விளைச்சல் மோசம், குளிர் கடுமை, பிரான்சோடு போர். கூலியை உயர்த்தி நிர்ணயம் செய்யலாமா என்ற யோசனையோடுதான் கூட்டம் தொடங்கியது. அதைக் கைவிட்டு ரொட்டி விலைக்கு ஏற்ற ஒரு அட்டவணை போட்டார்கள். 8 ராத்தல் 11 அவுன்ஸ் எடையுள்ள கேலன் ரொட்டி 1 ஷில்லிங் (12 பென்ஸ்) விற்றால், உழைக்கும் ஆண் ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 ஷில்லிங் 6 பென்ஸ் வேண்டும். குடும்பத்தின் சம்பாத்தியம் அதற்குக் குறைந்தால் மீதியை ஊர் கொடுக்கும். ரொட்டி ஒரு பென்னி ஏறினால் ஆணுக்கு 3 பென்ஸ், மற்றவர்களுக்கு ஆளுக்கு 1 பென்னி கூடும். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ரொட்டி 1 ஷில்லிங் என்றால் தேவை 10 ஷில்லிங் 6 பென்ஸ். கூலி 8 ஷில்லிங் என்றால் ஊர் கொடுப்பது இரண்டரை ஷில்லிங். ரொட்டி 1 ஷில்லிங் 4 பென்ஸ் ஆனால் தேவை 13 ஷில்லிங் 2 பென்ஸ். ஊரின் பங்கு ஐந்து ஷில்லிங்கைத் தாண்டிவிடும். இந்த 8 ஷில்லிங் நான் இஷ்டத்துக்குப் போட்ட தொகை இல்லை, அன்றைய தெற்கத்திக் கூலியை ஒட்டியதுதான்.

இந்த இடத்தில் பொதுவாக நடக்கும் பிழைகளைத் திருத்திவிடலாம். இது சட்டமே அல்ல. ஒரு மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளின் பரிந்துரை. கூலியோடு படி சேர்த்துக் கொடுப்பது இதற்கு முன்பே சில இடங்களில் நடந்தது. பெர்க்‌ஷயரிலேயே எல்லா ஊரும் அந்த அட்டவணைப்படி நடக்கவில்லை. நாடு முழுவதும் 1795 முதல் 1834 வரை இது ஒரே சீராக ஓடியது என்று கார்ல் போலன்யி போன்ற பெரிய சிந்தனையாளரே எழுதிவிட்டார். அது தவறு. விலை ஏறிய ஆண்டுகளில் அட்டவணையைத் தூசி தட்டி எடுப்பார்கள், விலை இறங்கியதும் பரணில் போட்டுவிடுவார்கள். கூலியைச் சட்டப்படி உயர்த்த யாரும் முயலவில்லை என்றும் நினைக்க வேண்டாம். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுகளுக்குக் கொடுக்கும் மசோதாவை அதே 1795 டிசம்பரில் சாமுவேல் விட்பிரெட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். பிரதமர் பிட் எதிர்த்தார். 1796 பிப்ரவரியில் அது தோற்றது. பிட் தானே ஒரு ஏழைச் சட்ட மசோதாவைத் தயாரித்து, அதையும் பின்வாங்கிக்கொண்டார். கூலி என்ற கதவைச் சாத்திவிட்டு ஊர் வரி என்ற கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். எனக்கு அந்த நிகழ்ச்சி வரிசையில் இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அட்டவணை போக வேறு வழிகளும் இருந்தன. வேலை இல்லாதவனை ஒரு சீட்டோடு வீடு வீடாகப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள்; எஜமான் கொஞ்சம் கூலி கொடுப்பார், மீதி ஊர்க் கணக்கில். இப்படிச் சுற்றுபவனுக்கு ரவுண்ட்ஸ்மேன் என்று பெயர். சில ஊர்களில் வேலையற்றவர்களின் உழைப்பை ஏலமே விட்டார்கள். இன்னும் சில ஊர்களில் சரளைக்கல் குழியில் வேலை, அல்லது ஆட்களை வண்டியில் பூட்டிக் கல் இழுக்க வைப்பது. இது கூலிக்காரனுக்கு எவ்வளவு அவமானம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதை அனுபவித்துச் சோம்பேறியாக இருந்தான் என்று சொல்பவர்கள் ஒரு ஜனவரி மாதக் காலையில் அந்தக் குழியில் நின்று பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் வரி கட்டிய விவசாயிகள் ஏன் இதை ஒத்துக்கொண்டார்கள்? உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஊர்ப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானித்தது வெஸ்ட்ரி என்ற ஊர்க்கூட்டம். அதில் பேச்சு செல்லுபடியானது பெரிய பண்ணைக்காரர்களுக்கு. தானியப் பண்ணைக்கு ஆள் தேவை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இராது. அறுவடையில் ஊரில் உள்ள ஒவ்வொரு கையும் வேண்டும். டிசம்பரில் பாதிக் கைக்கு வேலை இல்லை. அந்தப் பாதியை ஆண்டு முழுக்கக் கூலிக்கு வைத்தால் பணம் எஜமான் பையிலிருந்து போகும். குளிர்காலத்தில் நிறுத்திவிட்டு ஊர்ப் படியில் விட்டால், அந்தச் செலவில் ஒரு பங்கை ஆளே வைக்காத சின்ன விவசாயியும், கடைக்காரரும், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக வாங்கும் பாதிரியாரும் கட்டுவார்கள். அறுவடை வரும்போது ஆள் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பான். ஜார்ஜ் பாயர் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் இதைப் புள்ளிவிவரத்தோடு நிறுவினார்: தானிய மாவட்டங்களில், குடிசைத் தொழில் அழிந்துபோன இடங்களில், ஆள் வைக்கும் பண்ணைக்காரர்கள் வெஸ்ட்ரியைக் கையில் வைத்திருந்த ஊர்களில் படி அதிகம். ஆள் நகரத்துக்கு ஓடாமல் பிடித்து வைக்க லண்டனுக்கு அருகில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருந்தது. வேறு சொல்லில், இது எஜமான்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட பருவகால வேலையின்மைக் காப்பீடு. பிரீமியத்தில் ஒரு பங்கை அடுத்தவர் கட்டினார்.

செலவு எகிறியது உண்மை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. 1780களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டாக இருந்த ஏழைச் செலவு 1803இல் 40 லட்சத்தைத் தொட்டது. 1818ஐ ஒட்டி ஏறக்குறைய 80 லட்சம். பிறகு இறங்கி, 1832இல் மறுபடியும் 70 லட்சத்தை எட்டியது. மக்கள்தொகையும் விலைவாசியும் ஏறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சுமை சமமாக விழவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், ஆலைகள் பெருகிய லங்காஷயரைப் போல நான்கு மடங்குக்கு மேல் சசெக்ஸில் செலவானது. படிதான் சோம்பேறித்தனத்துக்குக் காரணம் என்றால் லங்காஷயர்க்காரனுக்கு அது ஏன் தொற்றவில்லை? அவனுக்குப் பக்கத்து ஊரில் ஆலை இருந்தது. சசெக்ஸ்காரனுக்கு இருந்தது கோதுமை வயல் மட்டும்.

1815இல் நெப்போலியனோடு போர் முடிந்ததும் நிலைமை இன்னும் கெட்டது. லட்சக்கணக்கான படைவீரர்கள் வீடு திரும்பினார்கள், தானிய விலை சரிந்தது, குத்தகை கட்ட முடியாத பண்ணைக்காரர்கள் ஆளைக் குறைத்தார்கள். 1818, 1819ஆம் ஆண்டுச் சட்டங்கள் சொத்துக்கு ஏற்ப ஒருவருக்கு ஆறு ஓட்டு வரை கொடுத்து வெஸ்ட்ரியைப் பணக்காரர்கள் பக்கம் இன்னும் சாய்த்தன. சம்பளம் வாங்கும் துணை ஓவர்சியர்கள் வந்தார்கள். படியின் அளவு குறைந்துகொண்டே போயிற்று. 1795இல் கேட்காமலே கிடைத்த ரொட்டிக் கணக்கு, 1820களில் கெஞ்சிக் கேட்டாலும் கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் கூலிக்காரனுக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய வேலை போரடிப்பு. களஞ்சியத்துக்குள் நின்று நவம்பர் முதல் பல மாதங்கள் கோலால் கதிரடிக்கலாம். அதைத்தான் கதிரடிக்கும் இயந்திரம் பறித்தது. 1830 ஆகஸ்ட் கடைசியில் கென்ட் மாவட்டத்தின் லோயர் ஹார்ட்ரெஸ் என்ற இடத்தில் முதல் இயந்திரத்தை உடைத்தார்கள். கேப்டன் ஸ்விங் என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போயின. சில மாதங்களில் தெற்கும் கிழக்கும் பற்றி எரிந்தன. கோபம் எந்தத் திசையில் போனது என்று பாருங்கள். சசெக்ஸின் பிரீட் ஊரில் துணை ஓவர்சியரை வண்டியில் ஏற்றி ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். ஹாம்ப்‌ஷயரில் செல்போர்ன், ஹெட்லி ஊர்களின் ஏழை விடுதிகளை இடித்தார்கள். பல இடங்களில், பாதிரியார் தசமபாகத்தைக் குறைத்தால் எஜமான் கூலியை உயர்த்தலாம் என்று கூலிகளும் பண்ணைக்காரர்களும் சேர்ந்தே வாதாடினார்கள். அவர்கள் கேட்டது வேலையும் கூலியும். படியே சுகம் என்று இருப்பவன் கேட்கிற கேள்வி அது இல்லை. அடக்குமுறை கடுமையாக இருந்தது: 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

இந்தக் கலவரத்தின் பீதியில்தான் 1832இல் அரசு விசாரணைக் குழு அமைந்தது. அறிக்கையை எழுதியவர்கள் முக்கியமாக நாசௌ சீனியர், எட்வின் சாட்விக். ஊர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பத்தில் ஒன்று அளவுக்கே பதில் வந்தது. உதவி ஆணையர்கள் 26 பேர் ஊர் ஊராகப் போய்க் கதை சேகரித்தார்கள். 1834இல் வந்த அறிக்கை அந்தக் கதைகளைப் படுசுவையாகக் கோத்தது. வந்த பதில்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவே இல்லை. பின்னிணைப்பாகப் பல தடித்த தொகுதிகளில் அச்சிட்டு வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மார்க் பிளாக் என்பவர் 1963, 1964இல் எழுதிய இரண்டு கட்டுரைகளில் அந்தப் பதில்களையே எடுத்துக் கூட்டிப் பார்த்தார். 1832 வாக்கில் கூலியோடு படி சேர்த்துத் தந்த ஊர்கள் சிறுபான்மை. பரவலாக மிஞ்சியிருந்தது பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டுக்கான படி மட்டும். கூலி குறைவாகவும் குளிர்கால வேலையின்மை அதிகமாகவும் இருந்த இடங்களில் படி வந்திருக்கிறது. படி வந்ததால் அவை வந்ததாகக் காட்ட முடியவில்லை. அதாவது குழு தன் கையில் இருந்த சாட்சியத்துக்கே எதிராகத் தீர்ப்பு எழுதியது. 130 ஆண்டு யாரும் சரிபார்க்காததால் அந்தத் தீர்ப்பே வரலாறு ஆகிவிட்டது. 1969இல் அமெரிக்காவில் அதிபர் நிக்சன் குடும்ப உதவித் திட்டம் கொண்டுவர நினைத்தபோது, அவருடைய ஆலோசகர் ஒருவர் ஸ்பீன்ஹாம்லேண்டைக் காட்டி எச்சரித்துக் குறிப்பு கொடுத்தார். உங்கள் நண்பரும் அந்த நீண்ட வரிசையில் ஒருவர். அவர்மேல் குற்றமில்லை.

இனி, தீராத வழக்குகள். முதலாவது, பிள்ளைப்பேறு. ஏழைச் சட்டம் சோற்றுக்கு வழியில்லாதவனைக் கல்யாணம் செய்யத் தூண்டுகிறது என்று மக்கள்தொகை பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் மால்தஸ் 1798இலேயே எழுதினார். ஜேம்ஸ் ஹியூசல் என்ற ஆய்வாளர் ஊர்ப் பதிவேடுகளை ஒப்பிட்டு, படி கொடுத்த ஊர்களில் பிறப்பு விகிதம் கூடியதாகத் தெரியவில்லை என்றார். பின்னால் வந்த பாயர், வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தால் பிள்ளைப் படிக்கும் பிறப்பு விகிதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். படிக்கு எதிரான மற்ற குற்றச்சாட்டுகளை உடைத்த அதே பாயர்! ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நண்பருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் படி இல்லாத ஊர்களிலும் மக்கள்தொகை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது, கூலி. படி இருந்தது என்பதற்காகச் சில எஜமான்கள் கூலியை இறுக்கிப் பிடித்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ரவுண்ட்ஸ்மேன் மாதிரியான ஏற்பாட்டில் அது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்: பாதிக் கூலிக்கு ஆள் கிடைக்கும்போது முழுக் கூலிக்கு யார் கூப்பிடுவார்? ஆனால் அதை வைத்து ஒரு மாவட்டம் முழுக்கக் கூலி இறங்கியது என்று அளந்து காட்டுவது கடினம். என் சொந்தக் கருத்து: படி கூலியை இறக்கவில்லை, ஏறாமல் இருந்த கூலியை எஜமான்கள் சங்கடப்படாமல் ஏறாமலே வைத்திருக்க உதவியது. மூன்றாவது சோம்பேறித்தனம். இதற்கு ஆதாரமாகக் காட்டுவதெல்லாம் ஓவர்சியர்களும் பண்ணைக்காரர்களும் சொன்ன வாக்குமூலங்கள். வாங்கியவர்கள் பேசியது மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது. எசெக்ஸ் மாவட்டத்தில் ஏழைகள் தங்கள் சொந்த ஊர் ஓவர்சியர்களுக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் அச்சில் வந்துள்ளன. எழுத்துப்பிழை நிறைந்த அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது வாடகை பாக்கி, பிள்ளைக்குச் செருப்பில்லாமல் வேலைக்கு அனுப்ப முடியவில்லை, நோயில் விழுந்து வேலை போயிற்று என்ற விஷயங்கள். கெஞ்சல் இருக்கிறது, சில சமயம் "உதவாவிட்டால் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுவோம், செலவு கூடும்" என்ற நாசூக்கான மிரட்டலும் இருக்கிறது. வேலையை வெறுப்பவர்களின் குரலாக எனக்கு அது கேட்கவில்லை.

1834 ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது. ஊர்களைச் சேர்த்து ஏறக்குறைய 600 யூனியன்களாக்கினார்கள். உடல் திடமுள்ளவனுக்கு ஒர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் மட்டுமே உதவி. அங்கே உள்ள வாழ்க்கை வெளியே மிக ஏழையான கூலிக்காரன் வாழ்வதைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது கொள்கை. கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஆண்டோவர் யூனியனில் உரத்துக்காக எலும்பு நொறுக்க விட்ட ஏழைகள் பசி தாங்காமல் எலும்பில் ஒட்டியிருந்த மஜ்ஜையைச் சுரண்டித் தின்றார்கள் என்று 1845இல் வெளியே வந்து, அதன் எதிரொலியாக இந்த யூனியன்களை லண்டனிலிருந்து மேற்பார்த்த மத்திய ஆணையமே 1847இல் கலைந்தது. செலவு மட்டும் குறைந்தது. 1837இல் 40 லட்சம் பவுண்டு அளவுக்கு இறங்கிவிட்டது.

இப்போது நண்பரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படிதான் கூலியை அமுக்கியது என்றால், அதை வெட்டியதும் கூலி எழும்பியிருக்க வேண்டும் அல்லவா? அறிக்கை அப்படித்தான் வாக்குக் கொடுத்தது. தெற்கு மாவட்டங்களில் அப்படி ஒரு ஏற்றம் வரவில்லை. குடும்பத்துக்குக் குறைந்த அந்த சில ஷில்லிங்கை ஈடுகட்டப் பெண்களும் பிள்ளைகளும் வயலுக்குப் போனார்கள். கிழக்கு மாவட்டங்களில் அவர்களைக் கூட்டமாக ஓட்டிச் சென்று களையெடுக்கவும் கல் பொறுக்கவும் விட்ட ஒப்பந்தக்காரர்கள் பெருகி, 1867இல் அதைக் கட்டுப்படுத்தவே ஒரு சட்டம் தேவைப்பட்டது. படியும் செத்துவிடவில்லை. புதிய யூனியன்களை நிர்வகிக்கும் கார்டியன் பதவிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? அதே பண்ணைக்காரர்கள்தான். அவர்களுக்குக் குளிர்காலம் மாறவில்லை, அறுவடையும் மாறவில்லை. ஒரு கூலிக்காரனை விடுதியில் அடைத்தால் செலவு கூடுதல், அவன் கையும் அறுவடைக்கு இல்லாமல் போகும். லண்டனிலிருந்து வந்த உத்தரவில் நோய்க்கு விதிவிலக்கு இருந்தது. ஆகவே நோர்ஃபோக் போன்ற மாவட்டங்களில் வேலையில்லாத திடமான ஆளுக்கு, அவனுக்கோ வீட்டில் இன்னொருவருக்கோ உடம்பு சரியில்லை என்று பதிவேட்டில் எழுதி, பழையபடி வீட்டிலேயே படி கொடுத்துவந்தார்கள்.